வளையத்தில் தடவிய கிரீஸ்

பங்குனி 5, செவ்வாய்

என்னைக் கேட்காமல் என் மச்சினன் முருகேசன் வளையங்களில் கிரீஸ் தடவிவிட்டான். அதனால் இன்று புளி உலுக்க ஏறிய கன்னிவாடிப் புளியமரத்தில் செத்துப் பிழைத்தேன்.

கயிறு கிளையில் உரசித் தேயக் கூடாது என்றுதான் தோல் வாரின் இரு முனையிலும் இரும்பு வளையம் வைத்து நானே தைத்தேன். வார் கிளையைச் சுற்றிக் கிடக்கும். கயிறு வளையங்களுக்குள் ஓடும். ஆனால் என் இடுப்பு முடிச்சு அதே கயிற்றை இறுகப் பிடித்தால்தான் நான் மேலே நிற்க முடியும். ஓடிய கயிறு கிரீஸை முடிச்சுவரை கொண்டுவந்துவிட்டது. பிடி விட்டு இரண்டு ஆள் உயரம் சறுக்கினேன். கிளைக் கவட்டையில் கால் மாட்டியதால் தப்பித்தேன். உள்ளங்கை உரிந்துவிட்டது.

"வழுக்கத்தானே மாமா வளையம் போட்டீங்க? இன்னும் நல்லா வழுக்கட்டும்னு தடவுனேன்."

"கயிறு வழுக்கத்தான்டா போட்டேன், நான் வழுக்கவா?"

"அம்புட்டையும் ஒங்க மண்டைக்குள்ளயே வச்சுக்கிட்டா எனக்கு எப்பிடித் தெரியும்?"



உடம்பு அசந்துவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. அந்தக் கயிறு இனி மரத்துக்கு ஆகாது. மாடு கட்ட முருகேசன் கொண்டுபோகட்டும். புதுக் கயிறு அவன் வாங்கித் தர வேண்டும். வளையங்களை டீசலில் கழுவிப் புது வாரில் தைப்பது என் வேலை. பாதி மரம் இன்னும் உலுக்காமல் நிற்கிறது. ஏற வேண்டியவன் நான், கீழே கயிறு பார்க்க வேண்டியவன் அவன். ஏறுமுன் முடிச்சைப் பற்றி அவனுக்கு நான் விளக்க வேண்டும். அதற்கு முன் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும்.