எப்போது வருவீர்கள் என்று உன் மகள் கேட்டாள்

என் தங்கத் தம்பி சேகருக்கு, உன்மேல் கோபம் அடங்காத அக்கா எழுதுவது.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. முகத்துவாரம் மறுபடி மணல் தூர்ந்து கிடக்கிறது, ஏரியில் இறால் சரியில்லை. நான் இன்னும் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றைக் கையால் தடவித்தான் பிடிக்கிறேன். இதெல்லாம் உனக்குப் பழைய கதை. புதுச் செய்தி என்னவென்றால், நான் விமானம் ஏறினேன். பொன்னேரியைத் தாண்டினாலே எனக்குத் தலை சுற்றும் என்று கேலி செய்வாயே, அந்த நான் உன் மலேசியாவுக்கே போய்வந்தேன்.

உன் மகள் தர்ஷினியைப் பார்க்கத்தான். நீயும் மேரியும் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுப் போய்ச்சேர்ந்த பிறகு, பிள்ளையைப் பினாங்கில் ஒரு காப்பகத்தில் வைத்திருந்தார்கள். மேரி பக்கம் உறவென்று யாரும் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் தத்தெடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். இங்கே வந்து வீட்டைப் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். கடைசியில், நேரில் வந்து பிள்ளையோடு பழகுங்கள், ஒரு வாரத்தில் மூன்று சந்திப்பு, காப்பக அதிகாரி கூட இருந்து பார்த்து எழுதுவார், அதை வைத்துத்தான் கோர்ட் முடிவு செய்யும் என்றார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் மனதைப் பிடிக்க மூன்றே நாள்! இறாலுக்குக்கூட அதைவிட அதிக நேரம் கொடுப்பேன்.

முதல் நாள் திங்கட்கிழமை. அவள் நன்றாகத்தான் பேசினாள். என் விரல்களில் இருந்த வெட்டுக்காயங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது நண்டா, இது இறாலா என்று கேட்டாள். உன்னை நைனா என்றுதான் சொல்கிறாள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நம் குப்பத்துப் பேச்சைக் கற்றுக்கொடுத்திருக்கிறாயே! கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"அத்தை, மறுபடி எப்ப வருவீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. உன் மாமாவும் திறக்கவில்லை. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

உனக்குத் தெரியும் ஏன் என்று. படகுக்குப் போகிறவனை எப்போது வருவாய் என்று நம் குப்பத்தில் யாரும் கேட்க மாட்டோம். தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால் பதில் சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. சொல்லிவிட்டுப் போனால் கடல் கேட்டுக்கொண்டிருக்கும் என்ற பயம். பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? பிள்ளைக்குத்தான் எப்படித் தெரியும்?

புதன்கிழமை போனபோது தர்ஷினி அறையைவிட்டு வெளியே வரவில்லை. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள். அந்த அதிகாரி அம்மாள் தமிழ்ப் பெண்தான். என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"திங்கக்கிழமை பிள்ளை கேட்டதுக்கு ஏம்மா பதில் சொல்லாம போனீங்க? அவ அப்பாவும் கடைசி நாள் அப்படித்தான் போனாராம். எப்ப வருவீங்கன்னு கேட்டாளாம். சிரிச்சிட்டு, திரும்பிப் பாக்காம பைக்கை எடுத்துட்டாராம். பதில் சொல்லாதவங்க திரும்பி வரமாட்டாங்கன்னு சொல்றா. வெள்ளிக்கிழமையும் வெளிய வரலைன்னா, ஒத்துவரலைன்னுதான் நான் எழுதணும்."

அடப் பாவி! கடைக்குப் போகிற ரோட்டில் உனக்கு எதற்கடா கடல் சாஸ்திரம்? தலைக்கவசம் போட மறப்பாய், இதை மட்டும் மறக்காமல் கட்டிக்கொண்டு போயிருக்கிறாய். உன்னைத் திட்டித் தீர்த்தேன். பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். நீ பாஸ்போர்ட்டோடு கிளம்பிய அன்று நான் மட்டும் கேட்டேனா, எப்போது வருவாய் என்று? கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா?

உன் மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இன்னா பண்ணி வச்சிருக்கோம் பாத்தியா? கோடி தபா வேண்டிக்கிட்டு வந்து, வாய மூடியே கெடுத்துட்டோம்" என்றார்.

நான் அந்தக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து வருடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டுமே! பயமாகத்தான் இருந்தது, தம்பி. ஏதாவது ஆகிவிட்டால்?

"தர்ஷினி கண்ணு, அத்தை வெள்ளிக்கிழமை வருவேன். காலைல பத்து மணிக்கு வருவேன்."

கதவு திறக்கவில்லை, எழுந்து வந்தோம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே போய்விட்டோம். அவள் கம்பிக் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள், கையில் யாரிடமோ வாங்கிய கடிகாரம். அதிகாரி கேட்டைத் திறக்க வந்தார்.

"திறக்காதீங்க. இன்னும் பத்து ஆகல" என்றாள்.

நின்றோம். வெயிலில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றோம். பத்து அடித்ததும் அவளே தாழ்ப்பாளை நீக்கினாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். அதிகாரி எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு ஐந்து மாதம் கோர்ட் பேசாமல் இருந்தது. அந்த ஐந்து மாதம் நான் தின்றது சோறா மண்ணா என்று எனக்கே தெரியாது. போன வாரம்தான் உத்தரவு வந்தது. நாளை மறுநாள் கிளம்புகிறோம். நேற்று போனில், நான் எதிர்பார்த்த கேள்வியையே அவள் கேட்டாள். புதன்கிழமை நாலு மணி என்று சொன்னேன்.

பிறகு மெதுவாக, "அங்க வந்தப்புறம், மாமா கடலுக்குப் போறப்ப நான் கேக்கலாமா?" என்றாள்.

நான் உன் மாமாவைப் பார்த்தேன். தன் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். காற்று மாறினால் எந்த நேரத்தை யாரால் சொல்ல முடியும்? அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"கேளு கண்ணு. தெனம் கேளு. நான் சொல்லிட்டுத்தான் படகுல கால வைப்பேன்" என்றார்.

உன் மகளை நான் கூட்டிவருகிறேன், சேகர். அவள் கேட்டால் பதில் சொல்வோம். பயந்துகொண்டேதான் சொல்வோம், ஆனால் சொல்வோம்.

உன் அக்கா,
புதன்கிழமை நாலு மணியிலிருந்து தர்ஷினிக்கு அம்மா.