கூரைக்குக் காய்ச்சல் பார்த்தேன்

2-3-94, புதன்

வரலட்சுமி டீச்சரிடம் கேட்டே விட்டேன். பள்ளிக்கூட ஆய்வகத்துத் தெர்மாமீட்டர் ஒன்று, ஒரு மாதத்துக்கு. உடைத்தால் புதிதாக வாங்கி வைக்க வேண்டும் என்றார். பன்னிரண்டு வருஷமாக அதையெல்லாம் கழுவித் துடைத்து அடுக்குகிறவள் நான், என்னிடமே சொல்கிறார்!

புது வீட்டுச் சுவர் ஜன்னலுக்கு மேலே ஏறிவிட்டது. மேலே என்ன போடுவது? சிமெண்ட் சீட்டா, ஓடா, கான்கிரீட் தார்சா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யாருமே அளந்து பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆகாது.

என் வீட்டுக்காரருக்கு மில்லில் நிரந்தரமாக முழு நைட். இரவு பதினொன்றுக்குப் போனால் காலை ஏழுக்குத்தான் வருவார். இந்த வாடகை வீட்டுச் சிமெண்ட் சீட்டுக்குக் கீழே சரியான தூக்கமே கிடையாது. பொங்கல் முடிந்த வாரம் மிஷின் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்து, சட்டைக் கை பெல்ட்டில் மாட்டி— கிழிந்தது சட்டையோடு போயிற்று. இன்னொரு தடவை தூங்கினால் வேலை கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வேலை போனால் போகட்டும், கை போனால்? அதனால்தான் இந்தக் கூரையில் தப்பு நடக்கக் கூடாது.

5-3-94, சனி

மூன்று நாளாக இதே வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சமையலை முடித்து, ஏழரை வாக்கில் மகள் மதிவதனியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். சூலூரில் தெரிந்த வீடு, அரைகுறையாகத் தெரிந்த வீடு, எதையும் விடவில்லை. கட்டில் உயரத்துக்குத் தெர்மாமீட்டரை நூலில் தொங்கவிட்டு, கால் மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு எழுதிக்கொள்கிறேன்.

பாவாத்தாள் அக்கா, "ஏன் கண்ணு, எங்கூட்டுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுச் சிரித்தார். காய்ச்சல் இல்லை. அவருடையது ஓட்டு வீடு, முப்பது. எங்கள் சீட்டு வீடு முப்பத்திரண்டு. ரேஷன் கடைக்காரர் கட்டியிருக்கும் பெரிய தார்சு வீடு முப்பத்து நாலு! சுவரைத் தொட்டுப் பார்த்தேன், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி. சூரியன் போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது, இந்தச் சூடு எங்கே ஒளிந்திருந்தது?

7-3-94, திங்கள்

டீச்சரிடம் கேட்டேன். "கான்கிரீட்டு கனமில்லீங்களா? பகலெல்லாம் சூட்டை வாங்கி வெச்சுக்கிட்டு, பொழுது போனதுக்கப்புறம் மெதுவா உள்ள விடும்" என்றார். அட! எத்தனை பேர் இது தெரியாமல் தார்சு தார்சு என்று அலைகிறார்கள்.

8-3-94

ஓடுதான். மேஸ்திரி சாமுவேலிடம் சொல்லியாயிற்று.

13-3-94, ஞாயிறு

என் மேலேயே ஆத்திரம். எழுதினால்தான் அடங்கும்.

மத்தியானம் ஒரு மணி. இவர் ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு புரண்டுகொண்டிருந்தார். துண்டு காய்ந்ததும் எழுந்து போய் நனைத்து வந்தார். மறுபடியும் படுத்தார். மறுபடியும் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமையானாலும் துணி துவைக்க, தண்ணீர் பிடிக்க என்று வெளியிலேயே சுற்றுகிறவள், இன்றைக்குத்தான் பக்கத்தில் போய்ப் படுத்தேன். தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். நாற்பத்தொன்று.

அப்போதுதான் உறைத்தது. அந்த உச்சி வெயிலில் பாவாத்தாள் அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஓட்டுக்குக் கீழே முப்பத்தேழு. ரேஷன் கடைக்காரர் வீட்டுக்கு ஓடினேன். தார்சுக்குக் கீழே முப்பத்து மூன்று.

குளிர்ந்த வீடு என்றால் எந்நேரமும் குளிர்ந்த வீடுதான் என்று நினைத்துவிட்டேனே, கூறுகெட்டவள்! இத்தனை நாள் ராத்திரி ராத்திரி போய் அளந்தது யாருடைய தூக்கத்துக்கு? என்னுடையதுக்கு. தூங்க வேண்டிய மனுஷனை ஒரு வார்த்தை கேட்டேனா?

14-3-94, திங்கள்

சாமுவேல் மேஸ்திரி ஓட்டுக்காக முகட்டுச் சுவரை முக்கோணமாக ஏற்றியே விட்டார். இடித்துவிட்டுத் தார்சு போடுங்கள் என்றதும் கரண்டியைக் கீழே போட்டார். "ஏனுங்க அம்மணி, வெளையாடறீங்களா? போன வாரந்தான் ஓடு ஓடுன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க." தப்பு என்னுடையது என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் எடுத்தார்.

வீட்டில் இவர் அதற்கு மேல். "ராத்திரி நீயும் புள்ளையும் அதுக்குள்ள வேகோணுமா? ஓடே இருக்கட்டும். நான் சமாளிச்சுக்கறேன்."

என்னத்தச் சமாளிப்பாரு? கை போனதுக்கப்புறமா? கத்திப்போட்டேன். அவர் சாப்பிடாமலே மில்லுக்குப் போய்விட்டார். நானும் சாப்பிடவில்லை.

15-3-94

காலையில் இவர் சைக்கிளை நிறுத்துவதற்குள்ளேயே சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க யோசித்தது. "ஏனுங்க, நாங்க எதுக்கு அதுக்குக் கீழ படுக்கோணும்? மேல படுத்துக்கறோம். மொட்டை மாடிதானுங்களே! பகல்ல நீங்க கீழ, ராத்திரி நாங்க மேல."

"மழை வந்தா?"

"மழை வந்தா ஊடே குளுந்து போகுமுங்க."

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். பிறகு, "மாடிக்குப் படி வேணுமே, மேஸ்திரிகிட்ட யாரு சொல்றது?" என்றார். நான் சொல்ல மாட்டேன், இனி ஒன்று சொன்னால் மேஸ்திரி கரண்டியை என் மேலேயே போடுவார் என்றேன். சிரித்தார். பொங்கலுக்குப் பிறகு இன்றுதான்.

27-3-94, ஞாயிறு

தார்சு போட்டாயிற்று. காலை ஆறுக்குக் கலவை மிஷின் ஓட ஆரம்பித்து மூன்றுக்கு நின்றது. வேலைக்காரர்கள் எல்லோருக்கும் கோழிக்குழம்புச் சோறு. சாமுவேல் மேஸ்திரி இரண்டாம் தடவை குழம்பு கேட்டார், கோபம் போய்விட்டது போல.

4-4-94

தார்சின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறது. காக்கை வந்து குளிக்கிறது.

6-5-94, வெள்ளி

பால் காய்ச்சிக் குடி வந்தோம். ஒரு மாதம் என்று வாங்கி இரண்டு மாதம் வைத்திருந்த தெர்மாமீட்டரை உடைக்காமல் டீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டேன். இனி அளந்து என்ன செய்ய? அவர் தூங்கினால் தெரிந்துவிடும்.

9-5-94

பன்னிரண்டுக்கே எழுந்துவிட்டார். புது இடம் என்கிறார். தார்சிலும் தப்புப் பண்ணிவிட்டேனோ?

12-5-94, வியாழன்

மண்ணெண்ணெய் வரிசையில் நின்று மதிவதனியோடு திரும்ப நாலேகால் ஆகிவிட்டது. கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினேன். கூப்பிட்டேன். சத்தமே இல்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. என்னென்னவோ நினைப்பு. இரண்டு கையாலும் இடித்தேன். மதிவதனி அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த வழியாக வந்த பாவாத்தாள் அக்காவும் சேர்ந்து இடித்தார், எதிர் வீட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. இவர்தான். கன்னத்தில் பாய்க்கோடு, கண் திறக்கவே முடியவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "ஏன் புள்ள, விடிஞ்சிருச்சா?" என்றார்.

நான் கேனைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மில்லுக்கு நேரமாகிவிட்டதோ என்று பயந்து, உள்ளே ஓடிச் சட்டையைத் தேட ஆரம்பித்தார்.