அம்மா பார்த்துவிட்டாள்

கிளாஸ்கோ
14 மார்ச் 1993

அன்புள்ள தம்பி பிரகாஷுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, ருக்மணி, குட்டி வெண்பா எல்லோரும் சுகம்தானே? அம்மாவுக்குக் கலிபோர்னியாக் குளிர் ஒத்துக்கொண்டதா? எங்கள் ஊர்க் குளிரைக் கொஞ்சம் பார்சல் கட்டி அனுப்பினால், அங்கே இருப்பதைக் குளிர் என்று சொல்லவே நீங்கள் கூச்சப்படுவீர்கள்.

இத்துடன் ஒரு வீடியோ கேசட் அனுப்பியிருக்கிறேன். இங்கே தொலைக்காட்சியில் புதிதாக வரும் தொடர். கிளாஸ்கோவில் ஒரு தெரு, தெருமுனையில் ஒரு மளிகைக்கடை, கடைக்காரி நான். பத்து வருடம் நாற்காலி அடுக்கி, டிக்கெட் கிழித்து, நடுநடுவே நடித்தும் பார்த்த பிறகு கிடைத்த வேஷம். பஸ்ஸில் ஜனங்கள் கையசைக்கிறார்கள்.

அம்மா என்னோடு பேசி ஏழு வருடம் ஆகிறது. நஞ்சுண்டனை விவாகரத்து செய்ததையே அவள் செரித்துக்கொள்ளவில்லை. டாக்டர் மாப்பிள்ளையை விட்டவளை ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவள் கவலை. அப்பா இறந்த தந்தி வந்தபோது நான் நாடகக் குழுவோடு வடக்கே ஒரு தீவில் இருந்தேன். காரியம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். "கூத்தாடப் போனவளுக்கு அப்பன் எதுக்கு?" என்றவள், இன்று வரை போனுக்கு வரவில்லை.

மன்னிக்கச் சொல்லவில்லை. ஒரு தடவை பார்க்கட்டும். நான் கெட்டுப்போகவில்லை, ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு ஒழுங்காகச் செய்கிறேன் என்று தன் கண்ணால் பார்த்தால் போதும். திட்டினால் திட்டினாள் என்றே எழுது. பூசி மெழுகாதே.

உன் அக்கா,
கலா


ஃப்ரீமான்ட்
2 மே 1993

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். புதிதாக மில்பிடாஸில் வேலை. காலையும் மாலையும் ஃப்ரீவேயில் வண்டிகளை எண்ணியே என் ஆயுள் போகிறது. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை.

கேசட் வந்தது. அம்மா பார்த்துவிட்டாள். பிறகு, "என்ற புள்ள எளைச்சுப் போயிட்டா. நேரத்துக்குச் சாப்புடறாளோ என்னமோ" என்றாள். சேலை உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்றும் சொன்னாள். போனுக்கு மட்டும் வரமாட்டேன் என்று பிடிவாதம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
ஜெயபிரகாஷ்


கிளாஸ்கோ
20 மே 1993

டேய் பிரகாஷ்,

உன் கடிதத்தை ஒத்திகைக்குப் போகும் வழியில் படித்தேன். அழுது முகம் வீங்கிவிட்டது. மேக்கப் போடுகிற பெண் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள்.

சேலையா? அந்தக் கடைக்காரி நீலக் கோட்டும் கால்சட்டையும்தானடா போட்டிருக்கிறாள்! அம்மாவை முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப் போ. இளைத்ததாவது! நான் பீப்பாய் மாதிரி ஆகியிருக்கிறேன். போகட்டும், எந்த அம்மா தன் பெண்ணைப் பெருத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறாள்?

அடுத்த கேசட்டும் அனுப்புகிறேன். அதில் எனக்கு ஒரு நல்ல சண்டைக் காட்சி இருக்கிறது. அம்மாவுக்குப் பிடிக்கும். சண்டை போடக் கற்றதே அவளிடம்தான்.

அக்கா


ஃப்ரீமான்ட்
8 ஜனவரி 1995

அன்பு அக்காவுக்கு,

எல்லாக் கேசட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. சண்டைக் காட்சியைப் பார்த்து, "அப்பிடிப் போடு!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தாள். ருக்மணிக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது.

கோடையில் இங்கே வருவதாக எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் வேண்டாம் அக்கா. அம்மாவின் மனசு இப்போதுதான் இளகி வருகிறது. நேரில் வந்து ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், பழையபடி இறுகிக்கொள்வாள். சமயம் பார்த்து நானே சொல்கிறேன்.

தம்பி,
ஜெயபிரகாஷ்


கிளாஸ்கோ
3 நவம்பர் 1997

அன்புள்ள தம்பிக்கு,

கடையை மூடிவிட்டேன். ஐந்து வருடம் ஒரே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று, "மீதிச் சில்லறை இந்தாங்க" என்று சிரித்தது போதும். தொடரில் எல்லோருக்கும் காதல் வந்தது, கள்ளத்தனம் வந்தது, ஒருத்தனுக்குக் கொலைகூடச் செய்யக் கிடைத்தது. எனக்கு மட்டும் கறிப்பொடி. வேறு வேஷம் கேட்டால், "உங்களைப் பார்த்தால் இதுதானே பொருந்தும்" என்றார்கள்.

கேட்டுக் கேட்டு, சண்டை போட்டு, மேடையில் ஒரு வேஷம் வாங்கிவிட்டேன். டண்டீ ஊர்ச் சணல் ஆலையில் வேலைநிறுத்தம் நடத்தி, அதன் நடுவே பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தொழிலாளி. வெள்ளைக்காரி. அந்த ஊர்ப் பேச்சை ஆறு மாதம் கற்றேன். பத்திரிகைகள் என்னை "ஸ்காட்லாந்து நடிகை" என்று எழுதுகின்றன. இருபத்தாறு வருடம் இங்கே குப்பை கொட்டிய பிறகு! பேட்டி எடுத்தவரிடம், "என் அம்மா கலிபோர்னியாவில் உட்கார்ந்து நான் நடித்த எல்லாவற்றையும் பார்க்கிறார். இளைத்துவிட்டேன் என்று வருத்தப்படுகிறார்" என்றேன். அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நாடகத்தைக் கேசட்டில் பிடித்து அனுப்பியிருக்கிறேன். மற்றதை விடு. இந்த ஒன்றை அம்மா முழுசாகப் பார்க்க வேண்டும்.

அக்கா


ஃப்ரீமான்ட்
19 ஜூலை 1998

அன்பு அக்காவுக்கு,

வருத்தமான செய்தி. சர்க்கரை அம்மாவின் கண்ணைத் தின்றுவிட்டது. லேசர் வைத்தும் பயனில்லை. வெளிச்சம், இருட்டு மட்டும் தெரிகிறது.

ஒரே ஆறுதல், நாடகக் கேசட்டை அதற்கு முன்பே பார்த்துவிட்டாள். "என்ற புள்ள பெரிய ஆளாயிட்டா" என்றாள். நீங்கள் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஜெயபிரகாஷ்


எடின்பரோ
22 ஆகஸ்ட் 1999

ஜெயபிரகாஷுக்கு,

இங்கே நடக்கும் நாடக விழாவில் அந்தச் சணல் ஆலை நாடகத்தை மறுபடி போடுகிறோம். நேற்று முடிந்ததும் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க உள்ளே வந்தது. ஃப்ரீமான்டிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். திருமூர்த்தி என்று பெயர், உனக்குப் பழக்கமாம். என் சொந்த ஊர் பொள்ளாச்சி என்று நாடகப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என் தம்பியும் ஃப்ரீமான்டில்தான் என்று உன் பெயரைச் சொன்னேன்.

"நீங்க ஜே.பி.யோட அக்காவா மேடம்? அவர் சிஸ்டர் ஸ்காட்லாந்துல ஸ்கூல் டீச்சர்னுதானே சொன்னாரு?"

சிரித்துச் சமாளித்தேன். அம்மா என் கேசட்டுகளைப் பார்ப்பதைப் பெருமையாகச் சொன்னேன். அந்த மனிதருக்குச் சூது தெரியாது. "பிரிட்டிஷ் டேப் நம்ம அமெரிக்கா வி.சி.ஆர்ல ஓடாதே மேடம். படம் ஒரே கோடு கோடா ஓடும். என் தங்கச்சி லண்டன்லேந்து கல்யாண டேப் அனுப்பிச்சா, மௌரி அவென்யூல ஒரு கடையில அமெரிக்க டேப்பா கன்வெர்ட் பண்ணித்தான் பார்த்தோம். ஜே.பி.யும் அங்கதான் குடுத்திருப்பாரு" என்றார்.

நீ கன்வெர்ட் என்ற சொல்லையே எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கும் இது தெரியாது. கேமராவுக்கு முன்னால் நிற்கிறவள், பின்னால் நடப்பதைக் கேட்டுக்கொண்டதில்லை. ராத்திரி முழுக்க அந்தச் சேலையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடம். பதினொரு கேசட். அம்மா எதைப் பார்த்தாள்?

கலாவதி


ஃப்ரீமான்ட்
26 செப்டம்பர் 1999

அன்பு அக்காவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அம்மா எதையும் பார்க்கவில்லை.

முதல் கேசட் வந்த அன்றைக்கு அம்மா தலைக்குக் குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். வெறும் கோடுகள் ஓடின. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுல கலா எங்கடா கண்ணு?" என்றாள். தபாலில் கெட்டுவிட்டது, அக்கா வேறு அனுப்புவாள் என்றேன். மாற்றித் தரும் கடை இருப்பது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்கு வருகிறேன். சனிக்கிழமை கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நீங்கள் காத்திருப்பீர்களே என்று அந்தக் கடிதத்தை எழுதிவிட்டேன். ஒரு பொய் சொன்ன பிறகு, அடுத்தடுத்த கேசட்டை அம்மாவின் கண்ணில் காட்டப் பயமாகிவிட்டது. "கலா வேற அனுப்பலையா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இல்லை என்றேன். கேசட்டுகள் கராஜில் இருக்கின்றன.

போன் விஷயமும் அப்படித்தான். முதல் வருடம் அவள் வரமாட்டேன் என்றது நிஜம். பிறகு நான் அவளைக் கூப்பிடவே இல்லை. பேசினால் கேசட் பேச்சு வரும். உங்களை வர வேண்டாம் என்றதும் அதனால்தான்.

டீச்சர் என்று சொன்னதும் நான்தான், ருக்மணி மேல் பழி போட மாட்டேன். விவாகரத்து, நடிப்பு என்றால் தமிழ்ச் சங்கத்தில் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். டீச்சர் என்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

போன வாரம் நாடகக் கேசட்டை மாற்றிக்கொண்டு வந்து போட்டேன். கண் தெரியாவிட்டாலும் குரலாவது கேட்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "கலா எப்பக் கண்ணு வருவா?" என்றாள். இவ்வளவு நேரம் பேசினது கலாதான் என்றேன். "போடா, அது எவளோ வெள்ளைக்காரி" என்றாள்.

ஒரு விதத்தில் அது உங்கள் நடிப்புக்குப் பாராட்டுதானே அக்கா.

தம்பி,
ஜெயபிரகாஷ்


கிளாஸ்கோ
10 ஜனவரி 2000

ஜெயபிரகாஷுக்கு,

உன் பாராட்டு கிடைத்தது.

பிப்ரவரி 12 அங்கே வருகிறேன். பத்து நாள் இருப்பேன். திருமூர்த்தி வீட்டில் தங்குகிறேன். அவர் ஏர்போர்ட்டுக்கு வருகிறார். பகலில், நீ ஆபீஸில் இருக்கும்போது அம்மாவைப் பார்க்க வருவேன். ருக்மணி கதவைத் திறந்தால் போதும், சமைக்க வேண்டாம்.

கலாவதி


ஃப்ரீமான்ட்
5 மார்ச் 2000

அன்பு அக்காவுக்கு,

பத்து நாள் வந்து போனீர்கள். என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு நாள் சீக்கிரமே வந்தேன். மாடியிலிருந்து நீங்களும் அம்மாவும் சிரிப்பது கேட்டது. மேலே ஏறி வந்தேன். நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டீர்கள். சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அக்கா ஊருக்கு வந்து வேறு வீட்டில் தங்கினாள் என்று. எனக்கு முகம் காட்ட முடியவில்லை. "வொய் டஸின்ட் அத்தை லைக் யூ, டாட்?" என்கிறாள் வெண்பா.

மூன்று நாள் அந்த நாடகம் முழுவதையும் அம்மாவுக்குத் தமிழில் நடித்துக் காட்டினீர்களாம். ருக்மணி சமையலறையில் நின்று கேட்டு அழுதாளாம். அம்மா என்ன சொன்னாள் அக்கா? நான் கேட்டால், "அது எனக்கும் அவளுக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

பதினொரு கேசட்டையும் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்று பார்க்கிறேன். நீங்கள் இத்தனை பெரிய நடிகை என்று எனக்குத் தெரியாது. செய்தது தப்பு. நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மன்னித்து ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ஜெயபிரகாஷ்


கிளாஸ்கோ
9 ஏப்ரல் 2000

ஜெயபிரகாஷுக்கு,

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், இதைத் தெரிந்துகொள்ள உனக்கு உரிமை இல்லாவிட்டாலும்.

"கதை நல்லாத்தான் இருக்குது. ஆனா நீ ரொம்பக் கத்தறே சாமி. புள்ளையப் பறிகொடுத்தவ அப்பிடிக் கத்தமாட்டா. குரலே வராது அவளுக்கு" என்றாள். அப்புறம், "அப்பன் சாவுக்கு நீ வல்ல. அதை நான் மன்னிக்கலே. அதைப் பத்திப் பேசாதே" என்றாள். சொல்லிவிட்டு, நான் கிளம்பும் வரைக்கும் என் கையை விடவில்லை.

இங்கே திரும்பி வந்து அந்தக் காட்சியில் குரலை இறக்கிப் பார்த்தேன். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. பதினேழு வருடமாக எந்த இயக்குநரும் எனக்குச் சொல்லாததை அம்மா ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். கண் இருந்தபோதே பார்த்திருந்தால் இன்னும் எவ்வளவு சொல்லியிருப்பாள்! ஐந்து வருடம் அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றிருக்கவே விட்டிருக்க மாட்டாள். அதை நீ எடுத்துக்கொண்டாய். கெட்ட எண்ணம் இல்லை என்கிறாய். இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உன் சோம்பலுக்காக ஒருத்தி தன் அம்மாவை இழக்கலாமா?

அம்மாவோடு வாரம் ஒரு முறை பேசுகிறேன். ருக்மணி போனைக் கொடுக்கிறாள். நீ எனக்கு எழுத வேண்டாம். உன் எழுத்தைப் பார்த்தால், இதில் எந்த வரி நடந்தது, எந்த வரி நீயாகச் சொன்னது என்றுதான் தேடுகிறேன்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அவளுக்கு ஏதாவது ஆனால் அந்தச் செய்தியை எனக்கு நீ சொல்லாதே. திருமூர்த்தியைச் சொல்லச் சொல். நீ சொன்னால், உண்மைதானா என்று இன்னொருவரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் அழ முடியும்.

கலாவதி