உப்புப் பார்க்காத சால்னா

பங்குனி 12, செவ்வாய்.

சாயங்காலம் மகள் செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். என் பரோட்டாக் கடைக்கு எவனோ ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'சால்னா ஒரே உப்பு, வாயில் வைக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறான். தூத்துக்குடி ரோட்டில் போகிற கார்க்காரனாக இருக்கும். ஒரு வேளை சாப்பிட்டுப் போனவனுக்கு இவ்வளவு வாய்க்கொழுப்பா என்று கத்தினேன்.

தறி ஓட்டும் முருகேசன் தினமும் நம் கடையில்தான் சாப்பிடுகிறான். அவனிடமே கேட்டேன்.

"உண்மையச் சொல்லுலே, சால்னா எப்படி இருக்கு?"

பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "உப்புக் கூடத்தாண்ணே. ஒரு வாரமா அப்படித்தான்."

"தினமும் கேக்குறேன்ல, ஏன்லே சொல்லல?"

"மாரியம்மனுக்கு மாலை போட்டிருக்கீக. கறி வாயில வைக்க மாட்டீக. உங்ககிட்டப் போயி உப்புப் பாருங்கன்னு எப்படிண்ணே சொல்றது?"

அப்போதுதான் உறைத்தது. போன வாரம் கல்லுப்பு தீர்ந்து தூளுப்பு வாங்கினேன். தூளுப்பு குறைவாகப் போட்டாலே போதும்; நான் போட்டது அதே கரண்டி அளவு. ருசி பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வீட்டிலும் எல்லோருக்கும் விரதம்.

ஒரு வாரமாக ஊரே உப்பை விழுங்கிவிட்டு 'நல்லாருக்குண்ணே' என்று சொல்லிப் போயிருக்கிறது. இரண்டாம் தடவை யாரும் சால்னா கேட்காததையாவது நான் கவனித்திருக்க வேண்டாமா?

கிளம்பும்போது முருகேசன், "அப்படி ஒண்ணும் மோசமில்லண்ணே" என்றான். அவன் கிண்ணத்தில் சால்னா அப்படியே இருந்தது.

மாலை கழற்ற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக்கு உப்பைக் குறைத்துவிடலாம். சரியாக இருக்கிறதா என்று யாரைக் கேட்பது? அந்தக் கார்க்காரன் இன்னொரு தடவை வந்தால் தேவலை.