கத்துவதை நிறுத்திய செனில்

அன்பு மகள் ஹப்சாரிக்கு, சுராபாயாவிலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையில் உன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, வீட்டில் வேறு குறை ஒன்றுமில்லை. நீ நலமா என்று முதல் வரியிலேயே கேட்பதுதான் முறை. ஆனால் இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான், அதனால் ஒரே வரியில் கேட்டு முடித்துவிட எனக்கு இஷ்டமில்லை.

கைபேசி இருக்கும்போது இந்த அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் கூப்பிடும்போதெல்லாம் உன் மாமியார் ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நான் "சாப்பிட்டியாடி" என்று உன்னைக் கேட்டால் "சாப்பிட்டா, சாப்பிட்டா, ரெண்டு தடவை போட்டுக்கிட்டா" என்று அவரே பதில் சொல்கிறார். அப்புறம் நான் என்ன பேசுவது, வானிலையா? அதனால்தான் உன் தம்பி டானு சரக்கோடு பஞ்சார்மாசினுக்குக் கப்பல் ஏறும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவில் மேலே உனக்குப் பிடித்த இறால் விழுது ஜாடி இருக்கும், அதற்கு அடியில் இது. அந்த வாடை உன் மாமியாருக்கு ஆகாது, மூடியைக்கூடத் தொடமாட்டார். நீ அடுப்படியில் தனியாக இருக்கும்போது எடுத்துப் படி.

இங்கே ஒரு புதுக் கூத்து. கிரேன் ஓட்டிய கை சும்மா இருக்குமா, ஓய்வு பெற்றதிலிருந்து உன் அப்பா பறவைச் சந்தையே கதி என்று கிடக்கிறார். எதிர்ச்சந்து மர்க்கும் அண்ணன் அங்கே கூண்டுக் கடை வைத்திருக்கிறார் இல்லையா, அவர் பேச்சைக் கேட்டு ஒரு சுகர் கிளைடரை, மரத்துக்கு மரம் பறந்து தாவுகிற அணில் மாதிரி ஒன்றை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பெட்டைக் குட்டி, சாம்பல் நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு, மூஞ்சியில் பாதி கண்தான். பப்புவாக் காட்டில் பிடித்துக் கப்பலில் ஏற்றி, கூட வந்ததெல்லாம் ஆளுக்கொன்றாக விற்றுப்போக, கடைசியில் நின்றது இது. செனில் என்று பெயர் வைத்தார். தின்கிற பண்டத்தின் பெயரை வைத்தால் ராசியாம்.

அது வந்த புதிதில் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு உடம்பு, அதற்குள்ளிருந்து தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு கத்தல். கூண்டுப் பக்கம் நிழல் விழுந்தாலே இரண்டு காலில் எழுந்து நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, க்ர்ர்ர் என்று ஆரம்பித்துவிடும். மஃரிப் தொழுகையில் நான் ஓதியதை நானே மறந்துபோன நாள் உண்டு. உன் அப்பாவின் விரலைக் கடித்தது, என் தொழுகைத் துணியை நனைத்தது. நான் "இந்தச் சனியனைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு ஒரு கோழிக்குஞ்சு வாங்கிட்டு வாங்க, முட்டையாவது போடும்" என்றேன். அவர் கேட்டால்தானே. மர்க்கும் அண்ணன் சொன்னதெல்லாம் அவருக்கு வேதம். போட்டுக் கழற்றிய பனியனைக் கிழித்துக் கூண்டுக்குள் வைத்தார், வாசனை பழகட்டும் என்று. துணிப்பை ஒன்றைத் தைக்கச் சொல்லி என் உயிரை வாங்கி, பகலெல்லாம் அது தூங்கும்போது அதைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைகண்ணிக்குப் போனார். விரல் நுனியில் தேனைத் தடவி நீட்டினார். மேலேயிருந்து கையை விட்டால் பருந்து என்று பயப்படும், கீழேயிருந்து நீட்ட வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு. உன்னைத் தூளியில் போட்டு ஆட்டச் சொன்னபோது துறைமுகத்தில் வேலை இருக்கிறது என்று ஓடிய மனிதர் இவர்.

அப்புறம் ஒரு நாள் சத்தம் நின்றது. உள்ளங்கையில் வைத்தால் வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. பையில் போட்டால் பையில் கிடந்தது. கடிப்பதில்லை, கத்துவதில்லை. உன் அப்பா அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். சந்து முழுக்கத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினார். சீட்டுப் போட வந்த பெண்களெல்லாம் "அடேயப்பா, எவ்வளவு அடக்கம், எவ்வளவு சாது" என்று அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து "உன் பொண்ணு மாதிரியே ஆயிடுச்சு, சுமிரா. கல்யாணத்துக்கு முன்னாடி இந்தச் சந்துல அவ வாய்க்குப் பயப்படாத ஆம்பளை உண்டா? இப்ப பாரு, போன்ல பேசினா இருக்கிற எடம் தெரியல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காபி கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் கூண்டுத் துணியை மாற்றும்போதுதான் பார்த்தேன், வால் முளைக்கும் இடத்தில் மயிரே இல்லை, தோல் சிவந்து கிடந்தது. தானே பிடுங்கியிருக்கிறது. தினமும் கஞ்சியும் பப்பாளியும் காலியாகிறதே என்று உன் அப்பா சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாரே, அதைத் தின்றது எறும்பும் கரப்பானும். தூக்கினால் எடையே இல்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கால்நடை டாக்டர் உன் வயதுப் பெண்தான். தோலை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து விட்டுப் பார்த்தாள், அது உடனே இறங்கவில்லை, உடம்பில் தண்ணீர் இல்லை என்றாள். உன் அப்பா "நல்லாப் பழகிடுச்சும்மா, சத்தமே போடறதில்லை" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "அதுவா உங்ககிட்ட வருமா?" என்று கேட்டாள். "கூண்டைத் திறந்து வச்சா, அதுவாக் கிளம்பி உங்க மேல தாவி ஏறியிருக்கா? ஒரு தடவையாவது?" உன் அப்பா யோசித்தார். "பழகின குட்டி தேடி வரும், பிடிக்கலைன்னா இப்பவும் கத்தும். இது பழகலை, ஐயா. கத்திப் பார்த்துச்சு, ஒண்ணும் நடக்கலை, விட்டுடுச்சு. கூட்டமா வாழற உயிரு, தன் இனத்து மூச்சுச் சத்தம்கூடக் கேக்காம ஒத்தையில கிடக்குது" என்றாள்.

உன் அப்பா பையைப் பார்த்துக் குனிந்து நின்றார். எனக்கோ நினைப்பெல்லாம் குட்டி மேல் இல்லையடி. ஹப்சாரி, அந்த இடத்தில் எனக்கு உன் குரல் கேட்டது. போன புதிதில் நீ என்ன போடு போடுவாய்! சூப்பில் இலவங்கம் நாறுகிறது என்பாய், மஃரிப்புக்கு முன்பே கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள் என்பாய், சந்தைக்குப் போகக்கூட அத்தையிடம் கேட்க வேண்டும், கட்டிய புருஷன் ருஸ்தி நிலக்கரித் தோணியில் ஏறினால் வாரக்கணக்கில் முகத்தைக் காட்டுவதில்லை, கைபேசிக் கடை வேலைக்குப் போகிறேன் என்றால் வீட்டுக்கு அவமானம் என்கிறார்கள் என்று கத்துவாய். பொறுத்துப் போ என்று எல்லா அம்மாவும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அப்புறம் நீ கத்துவதை நிறுத்தினாய். "நல்லா இருக்கேம்மா" என்பதோடு சரி. நாங்கள் இங்கே பொண்ணு பழகிவிட்டாள் என்று இனிப்பு வாங்கித் தின்றோம். நோன்புப் பெருநாளுக்கு நீ வராதபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டானுவைக் கூப்பிட்டு, போன தடவை அக்காவைப் பார்த்தாயே, எப்படி இருந்தாள், உள்ளதைச் சொல் என்று கேட்டேன். அவன் முதலில் சிரித்துக்கொண்டே "நம்ம அக்காவா அதுன்னு ஆயிடுச்சும்மா. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. நான் வேணும்னே வம்பிழுத்தேன், 'குண்டாயிட்டே'ன்னு சொன்னேன், செருப்பு பறக்கும்னு குனிஞ்சே நின்னேன். 'பாத்துப் போ'ன்னு மட்டும் சொன்னா" என்றான். அப்புறம் சிரிப்பு நின்றது. "மோதிரத்துல நூல் சுத்தி வச்சிருந்தா. இல்லைன்னா விரல்ல நிக்காது போல." இதை ஏண்டா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவன் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உன் மாமியாரின் தம்பி நடத்தும் சரக்கு அலுவலகத்தில்தான் அவன் வேலை. உன் கல்யாணத்தோடு வந்த வேலை, நீ கிளம்பி வந்தால் அதுவும் உன்னோடு கிளம்பிவிடும். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். நீ வாயை மூடிக்கொண்டதற்குக்கூட அதுதான் காரணமோ என்று ராத்திரியெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், உன்னை அங்கே யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, குளிரூட்டிய அறை, பட்டுத்துணி, உன் மாமியார் ஹாஜா மஸ்னியா ஊருக்கே மரியாதைப்பட்டவர். யாரிடம் போய் என்ன குற்றம் சொல்வது? உன் அப்பா "டானுவுக்குக் குழந்தை பொறக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். ஒரு பிள்ளையின் கதவைத் திறந்தால் இன்னொரு பிள்ளையின் கதவு சாத்திக்கொள்கிறது. நான் பல நாள் இதையே அரைத்துக்கொண்டிருந்தேன், இட்லிக்கு அரைத்திருந்தால் ஊருக்கே போட்டிருக்கலாம் என்று நம் பழைய தெருவில் இருந்த தமிழ்க்காரி சொல்வாளே, அது மாதிரி.

செனிலை மர்க்கும் அண்ணனின் மருமகன் வீட்டில் விட்டோம். அங்கே பெரிய கூண்டில் ஒரு கூட்டமே இருக்கிறது. உடனே உள்ளே விடவில்லை. முதலில் இதன் துணி அங்கே, அதன் துணி இங்கே என்று வாசனை மாற்றி, பக்கத்துப் பக்கத்தில் கூண்டை வைத்து, பொறுமையாகச் சேர்த்தார்கள். போன வாரம் பார்க்கப் போனோம். உன் அப்பா ஆசையாகக் கையை நீட்டினார். அது மற்றதுகளுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கி, இரண்டு காலில் எழுந்து, அவர் முகத்தைப் பார்த்து க்ர்ர்ர் என்று ஒரு கத்து கத்தியது பார், சந்தே அதிர்ந்தது. மருமகன் "மன்னிச்சுக்குங்க மாமா, கோவக்காரியா இருக்கா" என்றான். உன் அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். துறைமுகத்தில் கால் நசுங்கியபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. வரும் வழியில் அவரே சொன்னார், "டிக்கெட் எடுத்துடலாம், சுமிரா."

ஆகவே கேள். டானுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எப்பவும் அக்காதான் உனக்கு, என் பொழப்பு என்னாறது" என்று கத்தினான். அவன் கேட்டதில் தப்பில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆனால் சற்று முன் வாசலில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல், "கடுதாசி எழுதியாச்சா, கப்பலுக்கு நேரமாச்சு" என்று கேட்டான். அவன் மேல் உனக்குக் கோபம் வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நானும் அப்பாவும் கப்பல் ஏறுகிறோம், சனிக்கிழமை உன் வீட்டில் இருப்போம். உன் மாமியாரிடம் மரியாதையாகத்தான் பேசுவேன், நம்பு. ருஸ்தி இருந்தால் அவனிடமும் சொல்வேன், அவன் கெட்டவன் இல்லை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதவன், அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் நீ ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. நான் உன் கையைப் பிடித்து இழுக்கவும் மாட்டேன், தூக்கிக்கொண்டு போனவர்கள் போதும். நீயாக எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார், மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன். அன்றைக்கு உன்னால் எழுந்திருக்க முடியாமல் போனாலும் பாதகமில்லை. அந்த ஊரிலேயே ஆற்றோரமாக ஒரு அறை எடுத்துத் தங்கி, ருஜாக் பழக்கலவை விற்றுக்கொண்டு, நீ எழுந்து வருகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். உன் அப்பாவைச் சோறு வடிக்கப் பழகிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இறைவன் உனக்குத் தெம்பைக் கொடுக்கட்டும், உன் வாயை உனக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி. இதைப் படித்ததும் கிழித்துப் பின்கட்டு ஆற்றில் போட்டுவிடு. சனிக்கிழமை கம்பிக் கதவு பூட்டியிருந்தால் கவலைப்படாதே, உன் அம்மாவின் தொண்டை உனக்குத் தெரியும், அக்கரை வரைக்கும் கேட்கும்.

உன்னைப் பெற்றவள்,
சுமிரா