இடது பக்கத்துப் பலகை

உ

விருத்தாசலம்,
4-3-74, திங்கட்கிழமை.

அன்பு மகன் பழமலைக்கு அம்மா பெரியநாயகி ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பழமலைநாதர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் தினமும் அடுப்பு மூட்டுகிறேன். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கப்பல் பட்டறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், இருமல் நின்றதா இல்லையா என்று ஒரு வரி இல்லை. திட்டக்குடியில் உன் அக்கா கமலத்துக்கு ஐந்தாம் மாதம், எதைத் தின்றாலும் நிற்கவில்லையாம், நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கம்மாபுரத்தில் மாமா நிலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு என்று அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள், அவர் அந்தக் கல்லைச் சுற்றியே மல்லாட்டை விதைத்திருக்கிறார், புடுங்கறதுக்குள்ள வராங்களான்னு பாப்பம் என்கிறார். வியாழக்கிழமை மாசி மகம், தேரடி முழுக்கக் கடை போட்டுவிட்டார்கள். இன்லேண்டில் அடங்காது என்று நோட்டுத்தாள் கிழித்து எழுதுகிறேன், ஆனால் பார், சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊர்க்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா படகில் ஏறிக் கடலுக்குப் போகிறார். அதைத் தடுக்க வேண்டும். நான் ஆனதைச் செய்து பார்த்துவிட்டேன், முடியவில்லை, இனி உன்னால்தான் முடியும். முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் பீங்கான் பட்டறை முதலாளி கோவிந்தராசு வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை எங்காவது கூட்டிக்கொண்டு போவார் என்பது உனக்குத் தெரியும், இதுவரை எல்லாம் கோயில்தான். இந்த வருஷம் கடலூர் முதுநகரில் நம்மிடம் ஊறுகாய் ஜாடி வாங்கி விற்கிற ஜெயராஜ் புதிதாக ஒரு தொழில் ஆரம்பித்திருக்கிறார். மீன்பிடிக்கிற விசைப்படகில் பெஞ்சு அடித்து, நீலப் பெயின்ட் பூசி, ஆட்களை ஏற்றிப் போய்த் திமிங்கலம் காட்டுகிறார். விடிந்ததும் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம், அரை நாள் வேலை. உங்க பட்டறை ஆளுங்களுக்குக் காசு வேணாம் என்று சொல்லிவிட்டார், முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும். சூளை எரிந்துகொண்டிருந்ததால் ஆண்கள் நகர முடியாது, எனவே முதல் தவணை பொம்பளைகள் பதினாறு பேர் போவது, மகம் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் போவது என்று ஏற்பாடு. போன மாதம் பதினேழாம் தேதி, ஜாடி ஏற்றுகிற லாரியில் ஜாடிக்குப் பரப்புவது போலவே வைக்கோல் பரப்பி எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

படகில் நானும் வர்ணம் பூசுகிற பூவாயியும் இடது பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது, பூவாயி கொண்டுவந்த புளிச்சோறு வாசம் எல்லாருக்கும் பசியைக் கிளப்பியது, ஒரே கேலியும் சிரிப்புமாகத்தான் போனோம். உன் அம்மா கை சும்மா இருக்காதே. பத்தொன்பது வருஷமாக ஜாடி தட்டிப் பிரிக்கிற கை, எதைக் கண்டாலும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிடும், நீ சின்னப் பிள்ளையில் உன் தலையையே தட்டிப் பார்த்து அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப் பேச்சுவாக்கில் படகுப் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தேன். எல்லாப் பலகையும் ஒரே மாதிரி நிறைந்த சத்தம். என் முழங்காலுக்குப் பக்கத்தில், எஞ்சினுக்குச் சற்று முன்னால் இருந்த பலகை மட்டும் பொத்தென்றது. திரும்பவும் தட்டினேன், பொத். நல்ல ஜாடி மணிபோல் பேசும், உள்ளே கீறல் விட்ட ஜாடிக்கு மட்டும்தான் அந்தச் செத்த சத்தம். புதுப் பெயின்டுக்கு மேலே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலடியில் பழைய டால்டா டின்னால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கலியமூர்த்தி என்கிற ஆள் நான் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததும், எல்லாப் படகுலயும் ஊறும் தாயி என்று சொல்லிவிட்டு வேகமாக இறைக்க ஆரம்பித்தார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார்.

இப்போது நீ கேட்பாய், அம்மா அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று. நீயும் இந்தப் பட்டறை வாசலில் வளர்ந்தவன்தானே. சூளை எரிகிற நாளில் வேலைக்காரர் யாரும், எங்கே இருந்தாலும், விரிசல் என்கிற சொல்லை வாயால் சொல்வதில்லை. ஜாடி தட்டும்போது கெட்டது வந்தால் பேசாமல் இடது பக்கம் ஒதுக்கி வைப்போம், அவ்வளவுதான். அன்றைக்கு ஊரில் சூளை எரிந்துகொண்டிருந்தது, அதன் வாயில் நின்றது உன் அப்பா. அவர் சூளைக்கு என் வாயால் கெடுதல் வரக்கூடாது என்று நினைத்தேன். சத்தியமாக அதை மட்டும்தான் நினைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வலது பக்கப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். பூவாயி, ஏன்டி எம்மேல நாத்தமா அடிக்குது என்று கேட்டாள். வெயில் என்று சொன்னேன்.

திமிங்கலத்தைப் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் சூளையில் ஈர விறகு வைத்தால் எழும்புமே, அந்த மாதிரி வெள்ளை ஆவி எழும்பிற்று. ஜெயராஜ் எஞ்சினை நிறுத்தினார். அது கிட்டே வந்து முதுகைக் காட்டியதும் பதினைந்து பேரும் ஒரே கூச்சலாக இடது பக்கம் போய்ச் சாய்ந்துவிட்டார்கள், படகே அந்தப் பக்கம் இறங்கிற்று. நான் மட்டும் இந்தப் பக்கம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கண் திமிங்கலத்தின் மேல் இல்லை, அந்தப் பலகையின் மேல்தான். படகு சாயச் சாய அதன் ஓரத்தில் நூல் போலத் தண்ணீர் இறங்கிற்று. அதற்குள் அந்தப் பிராணி முங்கிப் படகுக்கு அடியில் புகுந்துவிட்டது. அடியில் ஒரே ஒரு தரம் மெதுவாக இடித்தது. பிறகு நான் தனியாக இருந்த பக்கம் எழும்பி ஒரு மூச்சு விட்டது பார், அழுகின மீன் வாடை, என் முகமெல்லாம் ஈரம். நம்மைவிடக் கெட்டிக்காரச் சீவன், அதுவும் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது என்று எனக்குப் பட்டது. நல்லபடியாகக் கரை சேர்ந்தோம். மற்றவர்கள் இன்னும் அந்தத் திமிங்கலக் கதையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சூளை அடங்கியதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். மண்ணுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாமப் பேசற, பதினாறு பேரும் போயிட்டு நல்லாத்தான வந்தீங்க என்றார். உண்மையாகவே கெட்ட பலகை என்றால் அங்கேயே சொல்லியிருப்பாய், இப்போது நான் போவது பிடிக்காமல் சொல்கிறாய் என்றும் சொன்னார். எம்மவன் கப்பலையே பிரிச்சு மாட்டறவன், அவன் அப்பன் இன்னும் கடல்ல ஒரு அடி போனதில்லன்னா நல்லாவா இருக்கு என்று வேறு கேட்கிறார். இதற்காகவே ஒரு புதுத் துண்டு வாங்கி வைத்திருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டாம் தேதி அடுத்த சூளைக்குக் கற்பூரம் ஏற்றித் தீ வைக்கிற நேரம், ஆண்கள் அத்தனை பேரும் அங்கேதான் நிற்பார்கள் என்று நேரே போனேன். எல்லார் எதிரிலும், ஜெயராஜ் படகில் இடது பக்கப் பலகை விரிசல், யாரும் ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சூளை வாயில் நின்று அந்தச் சொல்லைச் சொன்ன பொம்பளை இந்தப் பட்டறையில் நான் ஒருத்திதான். தீக்காரர்களில் மூத்தவர் மாயவன் கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை, விறகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாயவன் வேறு கற்பூரம் கொண்டுவரச் சொல்லித் தீ வைத்தார்.

போன வியாழக்கிழமை அந்தச் சூளையைப் பிரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு போயிற்று பழமலை. நான்தான் தட்டினேன், எடுத்ததெல்லாம் பொத், பொத், இடது பக்கம் வைக்க இடமில்லாமல் வாசல்வரை போயிற்று. மகத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று பச்சை ஜாடியின் ஈர ஆவி அடங்குமுன் சூட்டை ஏற்றினார்கள், அதுதான் காரணம், அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் யார் ஒத்துக்கொள்வார்கள்? பெரியநாயகி வாய் என்று ஆகிவிட்டது. பூவாயிகூட என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வாய் வார்த்தையால் வந்த தோஷம், கரையில் குளித்தால் போகாது, நடுக்கடலில் முழுக்குப் போட்டுவிட்டு வந்து சூளை மூட்டுவோம் என்று மாயவன் சொல்லிவிட்டார். காசியைவிட ஒரு வீசம் புண்ணியம் கூட என்று சொல்லிக்கொள்கிற ஊரில் மணிமுத்தாற்று முழுக்கு இவர்களுக்குப் போதவில்லை. திமிங்கலம் பார்க்கிற உல்லாசமாக இருந்தவரை ஒருவர் இருவராவது போகாமல் நின்றிருப்பார்கள், இப்போது வேண்டுதலாகிவிட்டது, முப்பது ஆண்களும் போகிறார்கள். முதல் முழுக்கு உன் அப்பாவுடையது, ஏனென்றால் அவர் என் புருஷன். நான் தடுக்கப் போய் நானே கட்டி அனுப்புகிற மாதிரி ஆகிவிட்டது.

நேற்று லாரிக்காரர் வந்து சரக்கு ஏற்றும்போது சொன்ன இன்னொரு சங்கதியையும் எழுதுகிறேன். டால்டா டின்னால் தண்ணீர் இறைத்த அந்தக் கலியமூர்த்தி ஜெயராஜ் படகை விட்டுவிட்டு வேறு படகுக்குப் போய்விட்டாராம். கூலித் தகராறு ஒன்றும் இல்லையாம், சும்மா போய்விட்டாராம். இதைக் கேட்ட பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

என் ராசா, அப்பா இந்த உலகத்தில் ஒரே ஒருவன் பேச்சைத்தான் கேட்பார். நீ கப்பல் வேலைக்காரன், படகைப் பற்றி நீ ஒரு வரி சொன்னால் மாயவன்கூட நின்று யோசிப்பார். கடிதம் கிடைத்த உடனே தந்தி அடி. படகில் ஏற வேண்டாம், மூன்றே சொல், போதும். மரத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை, அம்மா முட்டாள் என்று உனக்குத் தோன்றினால் அதையாவது அடி, நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். ஆனால் நன்றாக யோசித்துவிட்டு அடி. நானே உனக்குத் தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸ்வரை போனேன். தந்தியைக் கண்டதும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீ பதறுவாயே என்று திரும்பிவிட்டேன். தபாலாபீஸ்காரர் இந்தக் கவர் வெள்ளிக்கிழமைக்குள் பம்பாய் சேரும் என்கிறார். சனிக்கிழமை உன் தந்தி வந்தாலும் போதும். லாரி ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு.

வலது பக்கப் பெஞ்சில் உட்காருங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சரி சரி என்றார். பலகை பெயர்ந்தால் வலது என்ன, இடது என்ன, எனக்கும் அது தெரியாமலில்லை. அன்றைக்குப் பூவாயியை அந்தப் பக்கமே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் எழுந்து வந்தேனே, அப்போதும் தெரியும்.

இருமலுக்குச் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடி, டீயாகக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பழமலைநாதரும் பெரியநாயகி அம்மனும் உன்னைக் காக்கட்டும், உன் கை பட்ட கப்பல் எதுவும் கரை சேராமல் போகக்கூடாது. தந்தியை வீட்டுக்கு அனுப்பாதே, பட்டறை விலாசத்துக்கு, அப்பா பேருக்கே அனுப்பு. எல்லார் எதிரிலும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
ந. பெரியநாயகி.