தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

திருப்பூர்,
18.6.2007

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை பூவாத்தாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. மடத்துக்குளத்தில் நீங்களும் மாமாவும் கீர்த்தனாவும் சுகம்தானே? இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நித்தீஷுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது அக்கா. இரண்டு வருஷம் கோயம்புத்தூரில் மருந்து ஏற்றி, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, பிழைத்துவிட்டான் என்று ஸ்கூலில்கூடச் சேர்த்தோமே! இப்போது, "மருந்து மட்டும் பத்தாதுங்கம்மா, எலும்பு மஜ்ஜை மாத்தணும்" என்கிறார் டாக்டர். எனக்கும் நித்தீஷ் அப்பாவுக்கும் பார்த்தார்கள், சேரவில்லை. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். "இல்லீங்க, ஒரே பையன்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இவர் வெளியே போய்விட்டார். நான்தான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

உங்களுக்குப் பிள்ளையில்லை என்று, பெற்ற பதினோராம் நாள் கீர்த்தனாவை முறத்தில் வைத்து நீட்டினேன். என் மடியில் ஒரு படி தவிட்டைப் போட்டு வாங்கிக்கொண்டீர்கள். தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்கக் கூடாது, எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கேட்டேனா? போன நோம்பிக்குத் திருவிழா பார்க்க வந்தபோது அவளுக்குத் தலை சீவிவிட்டேன். அதற்கே கோபித்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினீர்கள். இப்போது போனில் நான் சொல்லி முடிக்கும் முன்னே, "எம் புள்ளைய எதுக்குடி கேக்கறே?" என்று வைத்துவிட்டீர்கள். எனக்கும் ஆத்திரம் வருகிறது அக்கா. உங்கள் பிள்ளையை யார் கேட்டது?

முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். நாலில் ஒரு பங்குதான் சேர வாய்ப்பாம். சேர்ந்தால், மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்களாம். சில நாள் வலி இருக்கும், நான் மறைக்கவில்லை. எடுத்தது திரும்ப ஊறிவிடுமாம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். துணியில் ஓட்டை இருந்தாலும் கண்ணில் படுவதில்லை, சூப்பர்வைசர் கத்துகிறான். நேற்று நித்தீஷ், "கீர்த்தனாக்கா எப்பங்கம்மா வரும்?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரி பாரத்தில் உடன்பிறந்தவள் என்று எழுதியாக வேண்டும். அது அவள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். டாக்டரிடமும் சொல்லிவைத்துவிட்டேன். அவளுக்கு நான் சித்திதான், சாகும்வரை சித்திதான். நீங்களே கூட்டி வாருங்கள், நீங்களே பக்கத்தில் இருங்கள். நான் அந்த அறைக்குள்ளேயே வரவில்லை, வராண்டாவில் நின்றுகொள்கிறேன். வலி பொறுக்காமல் அவள் "அம்மா" என்று கத்தினாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நித்தீஷ் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் அக்கா, வாருங்கள்.

உங்கள் காலில் விழும் தங்கை,
பூவாத்தாள்